சளி விடவில்லையா? ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தாதீர்கள்



மேற்கு மலையிலிருந்து காற்றும் சாரலும் இறங்கத் தொடங்கிவிட்டால், கூடலூர், கம்பம் முதல் தேனி வரை எந்த வீட்டுக்குள் நுழைந்தாலும் ஓர் இருமல் சத்தம் கேட்கும். பெரும்பாலானவர்களுக்கு அது இரண்டு மூன்று வாரத்தில் தானாகவே அடங்கிவிடும். சிலருக்கு மட்டும் அடங்காது. மூட்டுவாதம், ஆஸ்துமா, சிறுநீரக நோய், தோல் நோய் என்று ஏதோ ஒன்றுக்காக மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிட்டு வருகிறவர்கள் அவர்கள். இந்த இதழின் பாடம் அவர்களுக்கும், அவர்களைப் பார்த்துக்கொள்ளும் வீட்டாருக்கும் உரியது.

ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள்.

அத்தாவுக்கு 61 வயது. கடைவீதியில் சிறிய மளிகைக் கடை. கைவிரல் மூட்டுகள் வீங்கும் முடக்குவாதத்துக்காக மூன்று வருடமாகத் தினமும் காலையில் 10 மி.கி. பிரெட்னிசோலோன் சாப்பிடுகிறார். சாரல் தொடங்கியதும் சளி பிடித்தது. மருந்துக்கடையில் சொல்லி மூன்று நாளைக்கு மாத்திரை வாங்கினார்கள். குறைந்தது போலிருந்தது, மறுபடி வந்தது. இன்னொரு மாத்திரை வாங்கினார்கள். இப்படியே ஐந்து வாரம் ஓடிவிட்டது. "காய்ச்சல்தான் இல்லையே, வெறும் சளிதானே" என்று எல்லோரும் ஆறுதலாக இருந்தார்கள். ஆனால் அவரால் மாடிப்படி ஏற முடியவில்லை.

துபாயிலிருந்து மகன் போன் செய்தான். "அத்தா, அந்த ஸ்டீராய்டுதான் எல்லாத்துக்கும் காரணம். உடம்புல எதிர்ப்பு சக்தியே இல்லாம ஆக்கிருமாம். இன்னைக்கே நிறுத்திருங்க." மறுநாள் காலை மாத்திரை டப்பாவை யாரும் திறக்கவில்லை. மூன்றாம் நாள் சுபுஹுக்கு எழுந்தவர், ஒளூ செய்யும் இடத்திலேயே தலைசுற்றிச் சரிந்து உட்கார்ந்துவிட்டார்.

மகன் சொன்னதில் பாதி உண்மை. அத்தாவைச் சாய்த்தது மற்ற பாதி. அந்த இரண்டு பாதிகளையும் பிரித்துப் பார்ப்போம்.

ஸ்டீராய்டு என்பது என்ன?

நம் இரண்டு சிறுநீரகங்களின் மேலும் தொப்பி வைத்தது போல ஒரு சிறு சுரப்பி இருக்கிறது. அட்ரினல் என்று பெயர். அது தினமும் கார்டிசால் என்ற ஹார்மோனைச் சுரக்கிறது. இரத்த அழுத்தம் விழாமல் இருப்பதற்கும், நோய் வந்தால் உடம்பு தாங்கி நிற்பதற்கும் அது வேண்டும். அந்த ஹார்மோனின் மருந்து வடிவம்தான் ஸ்டீராய்டு.

1948 செப்டம்பரில் அமெரிக்காவின் மேயோ கிளினிக்கில் பிலிப் ஹெஞ்ச் என்ற மருத்துவர், முடக்குவாதத்தால் நடக்க முடியாமல் கிடந்த 29 வயதுப் பெண்ணுக்கு இந்த மருந்தை ஊசியாகப் போட்டார். சில நாட்களில் அவர் எழுந்து நடந்தார். 1950இல் ஹெஞ்சுக்கும், உடன் உழைத்த கெண்டலுக்கும், ரைக்ஸ்டைனுக்கும் நோபல் பரிசு கிடைத்தது. நீண்ட நாள் கொடுத்தால் வரும் பக்கவிளைவுகளும் சில ஆண்டுகளிலேயே தெரிந்துவிட்டன. அன்றிலிருந்து இன்றுவரை மருத்துவர்கள் இந்த மருந்தைத் தேவைக்கு எடுத்து, அளவு பார்த்து, படிப்படியாகக் குறைத்துத்தான் கொடுக்கிறார்கள்.

உங்கள் வீட்டு மருந்துச் சீட்டில் பிரெட்னிசோலோன், மெத்தில்பிரெட்னிசோலோன், டிஃப்ளாசகார்ட், டெக்ஸாமெத்தசோன், பீட்டாமெத்தசோன் என்ற பெயர்களில் ஒன்று இருந்தால் அது ஸ்டீராய்டு. மாத்திரை சிறியதாக இருப்பதால் வீரியம் குறைவு என்று எண்ண வேண்டாம். டெக்ஸாமெத்தசோன் 0.75 மி.கி. என்பது பிரெட்னிசோலோன் 5 மி.கி.க்குச் சமம்.

உண்மையான பாதி: சளி ஏன் விடுவதில்லை?

மூட்டில் வீக்கத்தை அடக்கும் அதே மருந்து, நெஞ்சில் கிருமியோடு போராடும் வெள்ளை அணுக்களின் கையையும் கட்டிப்போடுகிறது. அளவு கூடக்கூட, நாள் கூடக்கூட அந்தக் கட்டு இறுகும். அதனால் சாதாரண நெஞ்சுச் சளி மற்றவர்களைவிட மெதுவாகத்தான் ஆறும்; சில நேரம் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாகிவிடும்.

இன்னொரு சிக்கல், நோய் தன்னை மறைத்துக்கொள்வது. காய்ச்சல் என்பது உடம்பு போராடுவதன் அடையாளம். ஸ்டீராய்டு அந்த அடையாளத்தை மழுங்கடித்துவிடும். உள்ளே நிமோனியா இருந்தும் தெர்மாமீட்டரில் 99 டிகிரியைத் தாண்டாமல் இருக்கலாம். ஆகவே ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்குக் காய்ச்சல் இல்லை என்பதை நல்ல செய்தியாக எடுத்துக்கொள்ளக் கூடாது. சாப்பாடு இறங்குகிறதா, நடந்தால் மூச்சு வாங்குகிறதா, வழக்கத்தைவிட அசந்து கிடக்கிறாரா, எடை குறைகிறதா என்று பாருங்கள்.

மூன்றாவது சர்க்கரை. ஸ்டீராய்டு இரத்தச் சர்க்கரையை ஏற்றும். காலையில் மாத்திரை சாப்பிட்டால் மதியத்துக்கு மேல்தான் அதிகம் ஏறும். வெறும் வயிற்றில் பார்த்தால் சரியாக இருப்பது போலத் தெரியும். கிருமி இருக்கும்போது சர்க்கரை இன்னும் கூடும். சர்க்கரை கூடினால் கிருமி இன்னும் வளரும். அதனால் சளி விடாத நாட்களில் மதிய உணவுக்குப் பின்னும் ஒருமுறை சர்க்கரை பார்க்கச் சொல்லிக் கேளுங்கள்.

தவறான பாதி: உடனே நிறுத்துவது

வெளியிலிருந்து ஸ்டீராய்டு தினமும் வருவதால் அட்ரினல் சுரப்பி தன் வேலையைக் குறைத்துக்கொண்டு தூங்கப் போய்விடுகிறது. மூன்று நான்கு வாரங்களுக்கு மேல் மாத்திரை சாப்பிட்டவர் யாருக்கும் இது நேரலாம். திடீரென்று மாத்திரையை நிறுத்தினால் சுரப்பி உடனே விழித்துக்கொள்ளாது. சிலருக்கு மாதங்கள் ஆகும். மருந்தும் இல்லை, சுரப்பும் இல்லை என்ற இடைவெளியில் உடம்பு நிற்கும். சாதாரண நாளிலேயே இது கடினம். நெஞ்சில் கிருமி இருக்கும் நாளில், உடம்பு வழக்கத்தைவிடப் பலமடங்கு கார்டிசாலைக் கேட்கும் நேரத்தில், இது உயிருக்கே ஆபத்து.

கடுமையான களைப்பு, எழுந்தால் தலைசுற்றல், வாந்தி, வயிற்றுவலி, உடம்பு சில்லிட்டு வியர்த்தல், பேச்சு குழறுதல், மயக்கம்: இவை அந்த ஆபத்தின் அடையாளங்கள். அத்தாவுக்கு ஒளூ செய்யும் இடத்தில் நேர்ந்தது இதுதான்.

ஆகவே முதல் விதி: சளியோ காய்ச்சலோ வந்தால் ஸ்டீராய்டை நீங்களாக நிறுத்தவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம். பெரும்பாலும் மருத்துவர் அந்த நாட்களுக்கு அளவைக் கொஞ்சம் கூட்டித்தான் கொடுப்பார். எனவே உடம்பு நன்றாக இருக்கும்போதே அவரிடம் இரண்டு கேள்விகளைக் கேட்டு, பதிலைச் சீட்டில் எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். "காய்ச்சலோ நெஞ்சுச் சளியோ வந்தால் மாத்திரையை எத்தனையாகக் கூட்ட வேண்டும், எத்தனை நாளைக்கு?" "வாந்தி எடுத்து மாத்திரை வெளியே வந்துவிட்டால் என்ன செய்ய வேண்டும்?" மாத்திரை வயிற்றில் தங்கவில்லை என்றால் ஹைட்ரோகார்டிசோன் ஊசி தேவைப்படும். அது மருத்துவமனையில் போட வேண்டியது. அன்று இரவு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது.

உறிஞ்சும் இன்ஹேலரில் உள்ள ஸ்டீராய்டு பெரும்பாலும் மைக்ரோகிராம் அளவுதான். சளி வந்தது என்று அதையும் நிறுத்திவிடாதீர்கள், ஆஸ்துமா கூடிவிடும். உறிஞ்சியபின் வாயைக் கொப்பளித்துத் துப்பினால் வாய்ப்புண்ணும் வெண்படலமும் வராது.

எத்தனை நாள் பொறுக்கலாம்?

நிமோனியா வந்து சரியான மருந்து தொடங்கியவருக்குப் பொதுவாகக் காய்ச்சல் ஒரு வாரத்தில் போகும். நான்கு வாரத்தில் நெஞ்சுவலியும் சளியும் வெகுவாகக் குறையும். ஆறு வாரத்தில் இருமலும் மூச்சுத்திணறலும் குறையும். களைப்பு மட்டும் மூன்று மாதம் வரை தொடரலாம். முழுதாகத் தேற ஆறு மாதம்கூட ஆகலாம். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவருக்கு இந்தக் கணக்கு இன்னும் நீளும். எனவே மெதுவாக இறங்கி வரும் இருமலைக் கண்டு பயப்பட வேண்டாம்.

பார்க்க வேண்டியது நோய் எந்தப் பக்கம் போகிறது என்பதை. ஒவ்வொரு வாரமும் முந்தைய வாரத்தைவிடக் கொஞ்சமாவது தேவலையா? அப்படியென்றால் பொறுக்கலாம். அதே இடத்தில் நிற்கிறது, அல்லது குறைந்து மறுபடி ஏறுகிறது என்றால் மருந்தை மாற்றுவதற்கு முன் காரணத்தைத் தேட வேண்டும். பழைய நோட்டு ஒன்றில் தேதி, சளியின் நிறம், மூச்சு, சாப்பாடு, சர்க்கரை என்று தினம் ஒரு வரி எழுதிவைத்தால், மருத்துவர் இரண்டு நிமிடத்தில் புரிந்துகொள்வார்.

இரண்டு வாரத்துக்கு மேல் இருமலா?

அப்படியென்றால் காசநோய்ப் பரிசோதனை அவசியம். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர் அதுவரைகூடக் காத்திருக்க வேண்டியதில்லை. நம் நாட்டில் பலருடைய உடம்பில் காசநோய்க் கிருமி தூங்கிக்கொண்டிருக்கிறது. எதிர்ப்பு சக்தி குறையும்போது அது எழுந்துகொள்ளும். தினமும் 15 மி.கி.க்கு மேல் பிரெட்னிசோலோனை ஒரு மாதத்துக்கு மேல் சாப்பிடுகிறவர்களுக்கு ஆபத்து கூடுதல்; அதற்குக் குறைவான அளவிலும் ஆபத்து இல்லாமல் இல்லை.

கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், போடி, பெரியகுளம் அரசு மருத்துவமனைகளிலும், க.விலக்கில் உள்ள தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் காசநோய்க்கான சிகிச்சை இலவசம். எக்ஸ்ரேவும் சளிப் பரிசோதனையும் கேளுங்கள். சிபிநாட் என்ற பரிசோதனை கிருமி இருக்கிறதா என்பதையும், ரிஃபாம்பிசின் மருந்துக்கு அது அடங்குமா என்பதையும் சேர்த்தே சொல்லிவிடும். சளி கொடுப்பதற்கும் முறை இருக்கிறது. காலையில் எழுந்ததும் வாயைத் தண்ணீரால் கொப்பளித்து, ஆழமாக மூச்சிழுத்து, நெஞ்சிலிருந்து இருமி எடுத்த கெட்டிச் சளியைத்தான் டப்பாவில் துப்ப வேண்டும். எச்சிலைக் கொடுத்தால் நோய் இருந்தும் இல்லை என்று முடிவு வரலாம்.

காசநோய் இல்லை என்று வந்தாலும் தேடல் முடியவில்லை. பூஞ்சைத் தொற்று, மூச்சுக்குழாய் விரிவு நோய், வழக்கமான மருந்துக்கு அடங்காத கிருமி, இதயக் கோளாறால் நுரையீரலில் நீர், புகைபிடித்தவர்களுக்கு நுரையீரல் கட்டி என்று வேறு காரணங்கள் இருக்கலாம். சி.டி. ஸ்கேன் வரை போகச் சொன்னால் வீண்செலவு என்று தள்ளிப்போடாதீர்கள்.

2021ஐ மறந்திருக்க மாட்டோம். கொரோனாவில் ஆக்ஸிஜன் தேவைப்பட்ட நோயாளிகளுக்கு டெக்ஸாமெத்தசோன் உயிர் காத்தது என்பதை இங்கிலாந்தில் நடந்த பெரிய ஆய்வு 2020 ஜூனில் காட்டியது. ஆக்ஸிஜன் தேவைப்படாதவர்களுக்கு அதனால் பயன் இல்லை என்பதையும் அதே ஆய்வு சொன்னது. இரண்டாம் பாதியைக் கவனிக்காமல் பலர் வீட்டிலிருந்தபடியே அந்த மாத்திரையை விழுங்கினார்கள். கட்டுப்படாத சர்க்கரையும் ஸ்டீராய்டும் சேர்ந்த இடத்தில் கருப்புப் பூஞ்சை வந்தது. 2021 மே மாதம் தமிழக அரசு அதை அரசுக்கு அறிவிக்கப்பட வேண்டிய நோயாக்கியது. தேவையான இடத்தில் உயிர் காக்கும் மருந்து, தேவையில்லாத இடத்தில் கண்ணையே பறிக்கலாம் என்று அந்த வருடம் நமக்குக் காட்டியது.

கடையில் கேட்டு வாங்கும் மாத்திரைகள்

மூன்று நாள் ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டு நிறுத்துவது கிருமியைப் பாதி அடித்துவிட்டுப் போவது போல. அதிலும் சில ஆன்டிபயாட்டிக்குகள், லெவோஃப்ளாக்சசின் போன்றவை, காசநோய்க் கிருமியையும் கொஞ்ச நாள் அடக்கி, பரிசோதனையில் தெரியாமல் மறைத்துவிடும். அதே வகை மாத்திரை ஸ்டீராய்டோடு சேரும்போது குதிகால் நரம்பு வலிக்கலாம், அறுந்தும் போகலாம். குதிகால் வலித்தால் மாத்திரையை நிறுத்திவிட்டு அன்றே மருத்துவரிடம் சொல்லுங்கள்.

மூட்டுவலிக்கும் இழுப்புக்கும் பெயர் எழுதாத பொட்டலத்தில் கொடுக்கும் மாத்திரை, பொடிகளில் ஸ்டீராய்டு கலந்திருக்கக்கூடும். சாப்பிட்ட மறுநாளே எல்லா வலியும் பறந்து, பசி கூடி, முகம் உப்பிவந்தால் சந்தேகப்படுங்கள். மருத்துவரிடம் போகும்போது வெட்கப்படாமல் அந்தப் பொட்டலத்தையும் எடுத்துச் செல்லுங்கள். மருந்தின் பெயர் தெரியாவிட்டாலும், இவர் ஸ்டீராய்டு சாப்பிட்டிருக்கலாம் என்ற குறிப்பு உயிர் காக்கும்.

கைவைத்தியத்திலும் ஒரு எச்சரிக்கை. இருமலுக்கு நம் வீடுகளில் போடும் அதிமதுரம், ஸ்டீராய்டின் வேகத்தைக் கூட்டி, பொட்டாசியத்தைக் குறைத்து, இரத்த அழுத்தத்தை ஏற்றக்கூடும். ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர் அதைத் தவிர்க்கவும். வெந்நீர், சுக்குத் தண்ணீர், மிளகு ரசம் தாராளமாகக் குடிக்கலாம். தேன் ஒரு கரண்டி தொண்டைக்கு இதம்தான்; சர்க்கரை நோயாளி கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். ஸ்டீராய்டோடு வலி மாத்திரை சேர்ந்தால் குடல்புண் ஆகி இரத்தம் கசியலாம் என்பதால், மருத்துவரைக் கேட்காமல் அதையும் வாங்க வேண்டாம்.

வீட்டில் செய்ய வேண்டியவை

விறகடுப்பு, சாம்பிராணி, ஊதுபத்தி, கொசுவத்திப் புகை நோயாளியின் அறைக்கு வரக் கூடாது. ஏலத்தோட்டத்துக்கும் திராட்சைத் தோட்டத்துக்கும் மருந்தடிக்கும் வேலைக்குப் போகிறவர், தேறும்வரை அந்த வேலையைத் தவிர்க்க வேண்டும். படுக்கையில் தலைப்பக்கம் இரண்டு தலையணை. பகலில் மணிக்கு ஒருமுறை நிமிர்ந்து உட்கார்ந்து, மெதுவாக ஆழ மூச்சிழுத்து விட்டு, இருமிச் சளியை வெளியேற்ற வேண்டும். நாள் முழுதும் படுத்தே இருந்தால் சளி கீழே தங்கும். முட்டை, மீன், பருப்பு, பயறு தினமும் ஏதாவது ஒன்று. தேறியபின் மருத்துவரைக் கேட்டு, வருடம் ஒருமுறை ஃப்ளூ தடுப்பூசியும் நிமோனியா தடுப்பூசியும் போட்டுக்கொள்ளலாம்.

நலம் விசாரிக்க வருவது நம் வழக்கம், நன்மையான காரியம். ஆனால் உங்களுக்கே சளி இருந்தால் அன்று போனில் விசாரித்து துஆ செய்யுங்கள். அதுவும் நலம் விசாரிப்புதான். நோயாளிக்குக் கடும் இருமல் இருந்தால், அவர் குணமாகும்வரை வீட்டிலேயே தொழுவது மற்றவர்களுக்கும் பாதுகாப்பு. நிற்க முடியாதவர் உட்கார்ந்து தொழலாம்.

ரமலானில் ஒரு கேள்வி தவறாமல் வரும். நோயாளி நோன்பை விட்டுவிட்டு வேறு நாட்களில் நிறைவேற்றும் சலுகை அல்குர்ஆனின் 2ஆம் அத்தியாயம், 185ஆம் வசனத்தில் இருக்கிறது. நெஞ்சில் தொற்று இருக்கும்போது, ஸ்டீராய்டு அளவு கூட்டப்பட்டிருக்கும்போது, தண்ணீர் இல்லாமல் பதின்மூன்று பதினான்கு மணிநேரம் இருப்பது ஆபத்தில் முடியலாம். அல்லாஹ் கொடுத்த சலுகையை ஏற்பது பலவீனம் அல்ல. உடல்நிலை சீராக இருப்பவர்கள், ரமலானுக்கு முன்பே மருத்துவரிடம் சஹர் நேரத்துக்கு மாத்திரையை மாற்றலாமா என்று கேட்டுவிட்டு, உங்கள் ஊர் ஆலிமிடமும் ஆலோசனை பெறுங்கள்.

உடனே கிளம்ப வேண்டிய நேரம்

உட்கார்ந்திருக்கும்போதே மூச்சு வாங்கினால், ஒரு வாக்கியத்தை முழுதாகப் பேச முடியாவிட்டால், உதடு நீலம் பாய்ந்தால், சளியில் இரத்தம் வந்தால், திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தால், மயக்கமோ குழப்பமோ வந்தால், பல்ஸ் ஆக்ஸிமீட்டரில் 92க்குக் கீழே போனால் 108ஐ அழையுங்கள். வண்டியில் ஏறியதும் சொல்ல வேண்டிய முதல் வார்த்தை: "இவர் ஸ்டீராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்." மாத்திரை அட்டையையும் கையில் எடுத்துச் செல்லுங்கள்.

மீண்டும் அந்த வீடு

அந்த அத்தாவை மருமகள்தான் காப்பாற்றினாள். "மாமா மூணு நாளா அந்த மாத்திரை சாப்பிடலை" என்று அவசரப் பிரிவில் அவள் சொன்ன ஒரு வார்த்தையில் மருத்துவருக்கு விஷயம் புரிந்தது. ஊசி போட்டார்கள், குளுக்கோஸ் ஏற்றினார்கள். மாலையில் எழுந்து உட்கார்ந்தார். எக்ஸ்ரேவும் சளிப் பரிசோதனையும் எடுத்ததில் காசநோய் என்று தெரிந்தது.

அம்மா முதலில் சொன்னது, "தெருவுல யாருக்கும் சொல்லிராதீங்க." நம் வீடுகளில் இன்றும் இதுதான் முதல் வார்த்தை. 1956இல் சென்னை சேத்துப்பட்டில் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், ஏழை நோயாளிகளில் ஒரு பகுதியினரைச் சானடோரியத்திலும் மற்றவர்களை அவரவர் வீட்டிலும் வைத்து மருந்து கொடுத்துப் பார்த்தது. நெருக்கமான வீடுகளில் இருந்தவர்களும் சானடோரியத்தில் இருந்தவர்களைப் போலவே குணமானார்கள். கூட இருந்த குடும்பத்தாருக்கு அதனால் கூடுதல் ஆபத்தும் வரவில்லை. 1959இல் வெளியான அந்த முடிவுதான், உலகம் முழுவதும் காசநோயாளிகள் வீட்டிலிருந்தே சிகிச்சை பெற வழி திறந்தது. நம் தமிழ்நாட்டில் கிடைத்த அறிவு அது. மறைப்பதால்தான் நோய் பரவுகிறது. வீட்டில் எல்லோரும், குறிப்பாகச் சிறு பிள்ளைகள், பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சிகிச்சைக் காலத்தில் சத்துணவுக்காக அரசு 2024 நவம்பர் முதல் மாதம் 1,000 ரூபாய் கொடுக்கிறது. வங்கிக் கணக்கு விவரத்தைக் கொடுத்துப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

ஒன்றை மட்டும் மறக்காதீர்கள். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின், ஸ்டீராய்டை உடம்பிலிருந்து சீக்கிரம் கழித்துவிடும். அதனால் மருத்துவர் ஸ்டீராய்டு அளவைக் கூட்ட வேண்டிவரலாம். காசநோய் மருத்துவரும் மூட்டு மருத்துவரும் ஒருவர் எழுதிய சீட்டை மற்றவர் பார்க்க வேண்டும். இரண்டு சீட்டையும் ஒரே பையில் வைத்துக் கொண்டுபோவது வீட்டாரின் வேலை.

மகன் மறுபடி போன் செய்தான். இந்த முறை அத்தாவே பேசினார்: "நீ சொன்னது அன்புல சொன்னதுதாம்ப்பா. இனிமே டாக்டர்கிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டுச் சொல்லு." இப்போது அவர் சட்டைப் பையில் ஒரு சிறிய அட்டை இருக்கிறது. பெயர், மாத்திரையின் பெயர், அளவு, எத்தனை வருடமாக, வீட்டு போன் எண், "திடீரென நிறுத்தக் கூடாது" என்ற ஒரு வரி.

இந்த இதழைக் கீழே வைப்பதற்கு முன், உங்கள் வீட்டில் ஸ்டீராய்டு சாப்பிடுகிறவர் யாராவது இருந்தால் அவருக்கும் அப்படி ஓர் அட்டையை எழுதிக்கொடுங்கள். ஐந்து நிமிட வேலை. நோயாளிகள் அனைவருக்கும் அல்லாஹ் பூரண ஷிஃபாவைத் தருவானாக. ஆமீன்.